மாடிஃபை செய்த டொயோட்டா 86: என்ன விலை கேட்கலாம், எதைக் கழற்றலாம், யாருக்கு விற்கலாம்?

கேள்வி: ஐயா, என்னிடம் 2014 டொயோட்டா 86 இருக்கிறது. மேனுவல் கியர், 98 000 கி.மீ. ஓடியது. இதுவரை 140 000 ராண்ட் செலவழித்து மாடிஃபை செய்திருக்கிறேன். கேடலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) இல்லாத ஹெடர் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) 14 000, எக்ஸாஸ்ட் 16 000, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் 12 000, காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) 24 000, 18 அங்குல வீலும் டயரும் 32 000, ஓட்டுநர் பக்கம் பக்கெட் சீட் 18 000, பின் விங்கும் வினைல் ராப்பும் (பெயின்ட் மேல் ஒட்டிய படலம்) 24 000. எக்ஸாஸ்ட் தவிர மற்ற ஒரிஜினல் பாகங்கள் எல்லாம் கராஜில் இருக்கின்றன. ஐடிலில் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கீச்சொலி வருகிறது; கிளட்ச்சை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. பேரிங்கும் கிளட்ச் கிட்டும் மாற்ற 14 000 ராண்ட் கேட்கிறார்கள். பேங்க் கடனில் இன்னும் 38 000 பாக்கி. டீலர் 170 000 தருகிறேன் என்கிறார். நண்பர்கள் 330 000-க்குக் குறையாதே என்கிறார்கள். மாடிஃபை செய்யாத இதே கார் விளம்பரங்களில் 250 000 முதல் 280 000 வரை போகிறது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து மைத்துனரின் நண்பர் ஒருவர் 240 000 தருகிறேன், 100 000 இப்போது, மீதியை மாதம் 20 000 வீதம் ஏழு மாதத்தில் என்கிறார். நியாயமான விலை எது? பாகங்களைக் கழற்றி விற்பதா, காரோடு சேர்த்தே விற்பதா? - வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்:

அந்த 140 000 ராண்டை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உங்கள் ஆசைக்குச் செய்த செலவு, அதன் பலனை ஓட்டி அனுபவித்தும் விட்டீர்கள். மாடிஃபை செய்த காரின் விலையைத் தீர்மானிப்பது வாங்க வருபவரின் பயம். இன்ஜினை அடித்து ஓட்டியிருப்பானோ, ஸ்பின்னிங் (காரை வட்டமாகச் சுழற்றும் விளையாட்டு) மைதானத்தில் சுற்றிய காரோ, ரோட்வொர்தி (சாலையில் ஓடத் தகுதியுள்ளது என்ற சான்றிதழ்) கிடைக்குமோ, பேங்க் கடன் கொடுக்குமோ, இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளுமோ என்று ஒவ்வொரு பயத்துக்கும் அவர் மனத்துக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே காரைச் சுற்றி வருவார். நீங்கள் ஸ்பின்னிங் பக்கமே போகாதவராக இருக்கலாம். பக்கெட் சீட்டும் பின் விங்கும் பார்ப்பவருக்கு வேறு கதை சொல்லும். எந்தப் பயத்தைக் காகிதம் காட்டித் தீர்க்கலாம், எதைப் பாகத்தைக் கழற்றித் தீர்க்கலாம் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

டீலர் சொன்ன 170 000 உங்களை ஏமாற்றுவதற்காகச் சொன்னது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீலர்கள் டிரான்ஸ்யூனியன் என்ற கார் விலைப் புத்தகத்தின் டிரேடு விலையிலிருந்து, அதாவது டீலர் வாங்கும் விலையிலிருந்து, தொடங்குவார்கள். அதில் ஹெடருக்கும் காயிலோவருக்கும் இடம் கிடையாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய காரில் குறை வெளிப்பட்டால் ஆறு மாதத்துக்குள் ரிப்பேர், மாற்றுக் கார் அல்லது பணம் என்று வாடிக்கையாளர் கேட்கலாம். டியூன் செய்த இன்ஜினை வைத்துக்கொண்டு அந்த ஆறு மாதத்தை யார் சுமப்பது? அதனால் ஒன்று அவரே எல்லாவற்றையும் கழற்றி ஒரிஜினலாக்க வேண்டும், இல்லையேல் ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவை உங்கள் தலையில் வைத்துத்தான் விலை சொல்கிறார். நண்பர்கள் சொன்ன 330 000-இல் உங்கள் பில்களின் கனம் தெரிகிறது. அந்த விலையை ஒருவர் மனமாரத் தரவும் கூடும். அவர் எப்போது வருவார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அடிப்படை விலையை இப்படி எடுங்கள். அதே மாடல், 2013 முதல் 2015 வரை, மேனுவல், உங்கள் கிலோமீட்டருக்கு 20 000 கூடக் குறைய உள்ள, மாடிஃபை செய்யாத கார்களாக ஆறேழு விளம்பரம் பாருங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் அதே விளம்பரங்களைக் கவனியுங்கள். காணாமல் போவது விற்கும் விலை, அப்படியே உட்கார்ந்திருப்பது விற்காத விலை. விலை குறைத்துத் திருத்தியவை இன்னும் நன்றாகப் பேசும். நீங்கள் சொல்லும் 250 - 280 ஆயிரத்தில் நடுவே 265 000 என்று வைத்துக்கொண்டால், பேரம் பேசி முடியும்போது 250 000 அருகே நிற்கும் என்பது என் கணிப்பு. குறையில்லாத, ஒரிஜினல் காருக்கான விலை அது. இனி எல்லாக் கூட்டலும் கழித்தலும் இந்த எண்ணிலிருந்துதான்.

பாகங்களுக்கு வருவோம்.

ஹெடர்தான் உங்கள் காரில் உண்மையிலேயே வேலை செய்யும் பாகம். இந்த எஃப்ஏ20 இன்ஜினில் நிமிடத்துக்கு 3500-க்கும் 4500-க்கும் இடைப்பட்ட சுற்றில் டார்க் (இழுவிசை) ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். ஹெடரும் டியூனிங்கும் சேர்ந்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடும், ஓட்டினால் யாருக்கும் தெரியும். ஆனால் இந்தக் காரின் முதல் கேடலிஸ்ட் ஒரிஜினல் ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றியபோது கேடலிஸ்ட்டும் கூடப் போய்விட்டது. டியூன் செய்தவர் பின் ஆக்சிஜன் சென்சாரின் பிழைக் குறியீட்டை மென்பொருளில் அணைத்து வைத்திருப்பார். நாளைக்கு வாங்கியவர் டீலரிடம் சர்வீஸுக்கு விட்டு, அங்கே ஒரிஜினல் மென்பொருள் ஏற்றிவிட்டால், கேடலிஸ்ட் பிழையைக் காட்டும் பி0420 குறியீட்டோடு இன்ஜின் விளக்கு எரியும். அன்றைக்கே உங்களுக்குப் போன் வரும். அதனால் ஹெடரைக் கழற்றி ஒரிஜினலை மாட்டுங்கள். மாட்டிய அன்றே ஈசியூவையும் ஒரிஜினல் ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். ஒன்று இல்லாமல் மற்றொன்றோடு தூரம் ஓட்ட வேண்டாம். பிறகு நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாக 200 கி.மீ. ஓட்டி, ஸ்கேனர் போட்டு, குறியீடு எதுவும் இல்லை என்ற பிரிண்ட்டை எடுத்து வையுங்கள்.

டியூனிங்கைத் தனியாக விற்க முடியாது. எக்யூடெக் என்ற டியூனிங் மென்பொருள் வழியாகச் செய்திருந்தால் லைசன்ஸ் அந்த ஈசியூவோடு ஒட்டியது. காரோடு போகும், வாங்குபவர் விரும்பினால் பின்னால் பயன்படுத்திக்கொள்ளலாம். ஓப்பன்ஃபிளாஷ் டேப்லெட் என்ற டியூனிங் கருவி என்றால் அது உங்கள் காரோடு பூட்டப்பட்டிருக்கும். ஒரிஜினல் ஃபைலை ஏற்றி அந்தப் பூட்டை விடுவித்த பிறகுதான் கருவியை இன்னொருவருக்கு விற்கலாம். இதை மறந்து காரை முதலில் விற்றுவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் பெட்டி.

பக்கெட் சீட்டைக் கட்டாயம் கழற்றுங்கள். ஒரிஜினல் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. பக்கெட் சீட் மாட்டியவர்கள் ஏர்பேக் விளக்கு எரியாமலிருக்க அந்த வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகியிருப்பார்கள். ஒரிஜினல் சீட்டைத் திரும்ப வைக்கும்போது அதை எடுத்துவிட்டு மஞ்சள் கனெக்டரை நேராக இணைக்க வேண்டும். அதற்கு முன் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். கனெக்டரை இணைத்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பையோ வயரையோ யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

18 அங்குல வீலை 86 வைத்திருப்பவர்களிடம் மட்டும் விற்கப் பார்க்காதீர்கள். இதன் போல்ட் அமைப்பு 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கும் அதே அமைப்பு. டர்பனில் 86 எத்தனை, போலோ எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நடுத் துளையை மட்டும் அளந்து சொல்லுங்கள். 86-இன் ஹப் 56.1 மி.மீ., போலோவுக்கு 57.1. வெளிச்சந்தை வீல்கள் பெரும்பாலும் 73.1 துளையும் உள்ளே ரிங்கும் கொண்டவை. ரிங்கை மாற்றினால் போதும். நேராக 56.1-க்கே வார்த்த வீல் என்றால் போலோவில் உட்காராது. அகலத்தையும் ஆஃப்செட்டையும் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள், பாதி விசாரணை குறையும்.

ஆனால் வீலை விற்கும் முன், கராஜில் இருக்கும் 17 அங்குல வீலின் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். ஓடாமல் கிடந்த டயரும் இறுகிப்போகும். பக்கவாட்டை வளைத்துப் பார்த்தால் நுண் வெடிப்பு தெரியும். அப்படியிருந்தால் 215/45ஆர்17 அளவில் நான்கு புது டயர் வாங்க வேண்டும், வீல் விற்ற காசில் பாதி அதற்கே போய்விடும். அந்த நிலையில் 18 அங்குல வீலைக் காரிலேயே விட்டுவிட்டு, ஒரிஜினல் வீலைக் கூடவே கொடுப்பதுதான் லாபம்.

காயிலோவர் விஷயத்தில் டர்பனின் உப்புக்காற்றுதான் முடிவு சொல்லும். கீழ்ப் பகுதியின் திருகுவரியைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் தெளித்து, ஒரு நாள் விட்டு, காலரை ஸ்பானரால் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் கழற்றித் தனியாக விற்கலாம். இறுகிவிட்டதென்றால் வாங்குபவர் கிடைக்க மாட்டார், காரிலேயே விடுங்கள். அப்போதும் உயரத்தை ஒரிஜினலுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகே ஏற்ற முடியுமா என்று ஒர்க்‌ஷாப்பில் முயன்று பார்க்கலாம். எப்படியானாலும் நான்கு வீல் அலைன்மென்ட் செய்து அந்தப் பிரிண்ட்டை ஃபைலில் வையுங்கள்.

விங்குக்காக பூட் மூடியில் துளை போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். துளையை அடைத்துப் பெயின்ட் அடிக்கும் செலவு விங்கின் விலையைத் தாண்டும். அடித்த பெயின்ட் தெரிந்தால் "பின்னால் இடி வாங்கிய கார்" என்று அடுத்த பயம் கிளம்பும். வினைல் ராப் வேறு: அதை உரிக்கச் சொல்வேன். மாடிஃபை காரில் ராப் இருந்தால் உள்ளே என்ன மறைத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பழைய ராப் டர்பன் வெயிலில் காய்ந்து துண்டு துண்டாகத்தான் வரும். கதவின் உள்விளிம்பில் ஒரு மூலையைச் சூடு காட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃபாக்டரி பெயின்ட் பொதுவாகத் தாங்கும். மறுபெயின்ட் அடித்த பேனல் என்றால் பெயின்ட்டும் கூடவே வரலாம். அப்படிப்பட்ட பேனல் இருப்பது தெரிந்தால் வேலை தெரிந்த டீட்டெய்லிங் கடையில் விடுங்கள்.

எக்ஸாஸ்ட்டுக்கு மாற்று இல்லை, அது காரோடு போகட்டும். சத்தம் எல்லை மீறாமல் இருந்தால் அதை ஒரு சின்ன கவர்ச்சி என்றே சொல்லலாம்.

அடுத்தது இன்ஜின். டியூன் செய்து ஓட்டிய இன்ஜின் நலமாக இருக்கிறது என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. இந்தக் காரில் ஸ்பார்க் பிளக் மாற்றும் காலம் ஏறத்தாழ 100 000 கி.மீ.; நீங்கள் 98 000-இல் நிற்கிறீர்கள். படுக்கை இன்ஜின் ஆகையால் பிளக்குகள் பக்கவாட்டில், சட்டத்தை ஒட்டி இருக்கின்றன. கைபோக இடமில்லாததால் பாகத்தை விடக் கூலிதான் அதிகம். எப்படியும் பிளக்கைக் கழற்றுகிறார்கள், அதே நேரத்தில் இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தின் அளவு) எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை. நான்கு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால், அந்த ஒரு தாள் உங்கள் டைனோ பிரிண்ட்டை (காரின் சக்தியை மெஷினில் அளந்த தாள்) விட அதிக விலை பேசும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் லீக்டவுன் டெஸ்ட் செய்து காற்று எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். வால்வா, ரிங்கா என்று தெரியாமல் விளம்பரம் போடாதீர்கள்.

2012, 2013-இல் தயாரான எஃப்ஏ20 இன்ஜின்களின் வால்வு ஸ்பிரிங்கை மாற்ற 2018-இன் இறுதியில் உலக அளவில் ரீகால் அறிவித்தார்கள். 2014-இல் பதிவான காரும் 2013-இல் தயாரானதாக இருக்கலாம். ஷாசி எண்ணை டொயோட்டா டீலரிடம் கொடுத்து, உங்கள் கார் அந்தப் பட்டியலில் உண்டா, வேலை முடிந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 86 பற்றிப் படித்துவிட்டு வருபவர் இதைக் கேட்காமல் போக மாட்டார்.

கீச்சொலி இந்தக் காரில் பலரும் சொல்லும் பிரச்சினைதான். நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் மீதுதான் சந்தேகம். விற்பதற்கு முன் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிய வேலை. 14 000-க்குக் கொட்டேஷன் உங்களிடம் இருக்கிறது. சத்தத்தோடு கொண்டுபோய் நிறுத்தினால் எதிராளி கிளட்ச், ஃபிளைவீல், கியர்பாக்ஸ் என்று சேர்த்துக்கொண்டு 25 000 கழிப்பார், அவரைக் குறைசொல்லவும் முடியாது.

டைனோ பிரிண்ட்டைப் பற்றி ஒரு சொல். கடல்மட்டத்தில், டர்பனில் எடுத்த எண்ணை ஜோகன்னஸ்பர்க்காரர் தன் ஊரில் எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஊர் சுமார் 1 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஏறத்தாழ 17 விழுக்காடு சக்தி இழக்கும். கம்பெனி சொல்லும் 147 கிலோவாட் இன்ஜினில் அளந்தது, உங்கள் பிரிண்ட்டில் இருப்பது வீலில் அளந்தது. இரண்டையும் ஒன்றாகப் பேச வேண்டாம். டியூனோடு வாங்குகிறேன் என்று யாராவது நின்றால், ஜோகன்னஸ்பர்க் போன்ற கடலோரமல்லாத ஊர்களில் 93 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கும், இதற்கு 95 தான் ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

ரோட்வொர்தியை நீங்களே எடுத்து வைத்தால் பேரத்தில் ஒரு ஆயுதம் எதிராளி கையிலிருந்து போய்விடும். அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், அதனால் விளம்பரத்துக்கு முந்தின வாரம் எடுங்கள். கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அளந்து பாருங்கள்: முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், மற்றவை 35. டயரில் எங்கும் 1 மி.மீ.க்குக் குறைய டிரெட் இருக்கக் கூடாது. கேம்பர் கொடுத்த, அதாவது வீலைச் சாய்த்து வைத்த, காரில் வெளிப்பக்கம் புதிதாகத் தெரியும், உள்விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்திருக்கும். கூடவே டெக்ரா அல்லது ஏஏ (ஆட்டோமொபைல் அசோசியேஷன்) மாதிரி வெளி அமைப்பு ஒன்றின் பரிசோதனை அறிக்கையும் இருந்தால் நல்லது.

இப்போது எண்கள். கீழே வரும் பழைய பாக விலைகள் என் கணிப்பு. உங்கள் பாகத்தின் பிராண்டும் நிலையும் இதைச் சற்று மாற்றலாம். வீலும் டயரும் 15 000, சீட் 8 000, ஹெடர் 5 000: மொத்தம் 28 000 கைக்கு வரும். காயிலோவர் கழன்றால் இன்னொரு 10 000. போகும் செலவு: கிளட்ச் 14 000, பிளக்கும் டெஸ்ட்டும் 5 000, பாகம் மாற்றும் கூலியும் அலைன்மென்ட்டும் 6 000, ரோட்வொர்தியும் பரிசோதனையும் 3 000. அதுவும் 28 000. ராப் உரிக்கக் கடையில் விட்டால் அதைக் காயிலோவர் காசு பார்த்துக்கொள்ளும். ஆக, காரை 250 000-க்கு விற்றால் அது முழுசாக உங்களுக்கு. இருந்தபடியே விற்றால் அதே 250 000-இல் கிளட்ச் சத்தத்துக்கு 25 000 போகும், பாகங்களுக்கென்று ரசனையுள்ளவர் 15 000 கூட்டித் தருவார், கையில் 240 000 நிற்கும். வித்தியாசம் பத்தாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரிஜினலாக்கிய காரை பேங்க் கடன் வாங்குபவரும் வாங்கலாம். மாடிஃபை காரைக் கையில் ரொக்கம் வைத்திருக்கும் ஆர்வலர் மட்டும்தான் வாங்குவார். பேங்க் பொதுவாகப் புத்தக விலையைப் பார்த்துத்தான் கடன் தரும், உங்கள் எக்ஸாஸ்ட்டுக்குக் கடன் தராது. ஒரிஜினலாக்குவதில் கிடைக்கும் பெரிய லாபம், கடன் வாங்கி வாங்கும் இந்தக் கூட்டம்தான்.

விளம்பரத்தில் 262 000 போடுங்கள், 250 000-ஐ நோக்கிப் பேசுங்கள், 242 000-க்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று எண்ணையும் பேரத்துக்கு முன்பே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். எதிராளி பணத்தோடு முன்னால் நிற்கும்போது புதிதாக யோசித்தால் கை தவறும். போனில் "கடைசி விலை என்ன" என்பவருக்கு, "வந்து பாருங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்" என்பதே பதில். பேரத்தில் குறை சொல்பவரிடம் அந்தக் குறைக்கு மட்டும் விலை பேசுங்கள். டயர் தேய்ந்திருக்கிறது என்றால் டயர் விலையில் பாதி, அதற்கு மேல் இல்லை.

விளம்பரத்தில் என்னென்ன கழற்றினோம் என்பதை மறைக்காதீர்கள். "முன்பு ஹெடரும் டியூனும் இருந்தன, ஒரிஜினலுக்குத் திருப்பியது, பில்லும் கம்ப்ரஷன் அளவும் உண்டு" என்று நேராக எழுதுங்கள். ஸ்பின்னிங் சந்தேகம் வருபவருக்குப் பின் வீல் ஆர்ச்சின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டுங்கள். அங்கே உருகிய ரப்பர் அப்பியிருக்காவிட்டால் அதுவே சாட்சி. படம் எடுக்கும்போது நம்பர் பிளேட்டையும் லைசன்ஸ் டிஸ்க்கையும் மறையுங்கள், டிஸ்க்கில் ஷாசி எண்ணும் இன்ஜின் எண்ணும் இருக்கின்றன. போலி அடையாளம் செய்ய அது போதும்.

பார்க்க வருபவரை வீட்டுக்கு அழைக்க வேண்டாம். கேமரா உள்ள பெட்ரோல் நிலையமோ ஷாப்பிங் சென்டரோ போதும், பகலில், கூட ஒருவரோடு. அவருடைய டிரைவிங் லைசன்ஸைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் வேறொருவர் ஓட்டலாமா, எக்ஸஸ் (க்ளெய்மில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்று முன்பே கேட்டு வையுங்கள். மாடிஃபிகேஷனை இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமலே இருந்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், சொல்லாத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியும். ஹிகின்சன் ஹைவேயில் ஒரு சுற்று, ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஒரு இழுப்பு, ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது ஐடில்: காரைத் தெரிந்துகொள்ள இவ்வளவு போதும். டிரைவ் முடிந்து இறங்கியதும் சாவி முதலில் உங்கள் கைக்கு வரட்டும்.

ஜோகன்னஸ்பர்க் நண்பரின் தவணைக்கு வருகிறேன். வேண்டாம். ஆளைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. உங்களால் அப்படி விற்கவே முடியாது. கடன் தீரும்வரை காரின் டைட்டில் ஹோல்டர், அதாவது சட்டப்படி உரிமை உள்ளவர், பேங்க், பதிவுச் சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கும். நீங்கள் காரை வைத்து ஓட்டும் பதிவு ஓனர் மட்டுமே. அவர் காரை எடுத்துக்கொண்டு போய், மூன்றாம் மாதத்தில் என்3 நெடுஞ்சாலையில் எங்காவது இடித்துவிட்டால், இன்ஷூரன்ஸ் உங்கள் பெயரில், கடன் உங்கள் பெயரில், கார் அவர் ஊரில். மைத்துனர் நடுவில் நின்று தவிப்பார். அவருக்கு உண்மையிலேயே கார் வேண்டுமென்றால் தனியாரிடம் வாங்குவதற்கும் பேங்குகள் கடன் தருகின்றன, அங்கே போகட்டும். இல்லையென்றால் மீதி 140 000 சேரும்வரை கார் உங்கள் கராஜில் நிற்கட்டும், அதற்கும் ஒரு காலக்கெடு வையுங்கள்.

யாருக்கு விற்றாலும் முதலில் பேங்கிடம் செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். அதில் உள்ள தொகை ஒரு குறிப்பிட்ட தேதிவரைதான் செல்லும், வட்டி நாளுக்கு நாள் ஏறும். வாங்குபவர் அந்தத் தொகையை நேராகப் பேங்குக்கும், மீதியை உங்கள் கணக்குக்கும் அனுப்பலாம். கடன் தீர்ந்து பேங்க் பதிவுச் சான்றிதழை விடுவிக்கச் சில நாள் ஆகும் என்பதை அவருக்கு முன்பே சொல்லுங்கள். கையில் 38 000 இருந்தால் நீங்களே முன்கூட்டிக் கட்டிச் சான்றிதழை வாங்கி வைப்பது இதைவிட நல்லது. விற்பனை அன்று ஒரு தடங்கல் குறையும்.

ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். இருவரின் பெயர், அடையாள எண், ஷாசி எண், இன்ஜின் எண், கிலோமீட்டர், விலை, பணம் வரும் வழி, தேதி, நேரம். நேரத்தை விட்டுவிடாதீர்கள், அன்று மாலை ஸ்பீட் கேமராவில் விழுந்தால் யார் ஓட்டியது என்று அதுதான் சொல்லும். ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி, என்ற வரியை எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள். தனியார் விற்பனையில் அது செல்லும். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வரி காவல் நிற்காது. அதனால் அதற்குக் கீழே கழற்றிய பாகம், மீதமிருக்கும் பாகம், தெரிந்த எண்ணெய்க் கசிவு, பெயின்ட் அடித்த பேனல் என்று எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் அருகே வாங்குபவரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். மாடிஃபை கார் விற்றவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

பணம்: போனில் காட்டும் படமும் பிடிஎஃப்பும் பணமாகாது. உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை சேர்ந்ததைப் பார்த்த பிறகே சாவி. வேறு பேங்கிலிருந்து சனிக்கிழமை அனுப்பிய சாதாரண ஈஎஃப்டி (ஆன்லைன் பணப் பரிமாற்றம்) திங்கள் வரை தெரியாமலிருக்கலாம். உடனடிப் பரிமாற்றம் கேளுங்கள், அல்லது வேலைநாளில் பேங்க் கிளையிலேயே சந்தியுங்கள். காசோலை தருகிறேன் என்பவரோடு பேச்சே வேண்டாம், இந்த நாட்டில் காசோலை 2020-இன் இறுதியோடு முடிந்துவிட்டது.

கார் போன அன்றோ மறுநாளோ உரிமை மாற்ற அறிவிப்பான என்சிஓ படிவத்தை நிரப்பி, இருவரின் அடையாள அட்டை நகலோடு, உங்கள் பகுதிப் பதிவு அலுவலகத்தில் நீங்களே கொடுங்கள். வாங்குபவர் தன் பெயருக்குப் பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது, பலர் அதையும் தாண்டி இழுப்பார்கள். நீங்கள் என்சிஓ கொடுக்காவிட்டால் அதுவரை அபராதமும் லைசன்ஸ் கட்டணமும் உங்கள் பெயரிலேயே ஏறும். முத்திரை விழுந்த நகலை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள்.